காற்றுக்குத் தப்பிய மரத்தை மெஷின் வாளுக்குக் கொடுக்காதீர்கள்

 

கொஞ்சம் நீளமான பதிவு. கரடியனாறு, இலுப்படிச்சேனை, கோப்பாவெளி, உறுகாமம் என்று பதுளை வீதியின் இரண்டு பக்கமும் வளவும் மரமுமாக இருக்கிற எல்லாருக்கும் எழுதுகிறோம். "நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம், இது ஒருவருடைய யோசனை இல்லை. இந்தப் பக்கம் படிப்பிக்கிற ஆசிரியர்கள் சிலர், தமிழரும் முஸ்லிம்களுமாக, இடைவேளையில் தேத்தண்ணி குடித்தபடி மாதக்கணக்காகப் பேசி வயிறெரிந்த விசயம். எழுதுகிற வேலையை மட்டும் ஒருவர் தலையில் கட்டிவிட்டார்கள்.

டிட்வா அடித்து ஓய்ந்த நாளிலிருந்து எங்கட பகுதியில் ஒரு சத்தம் நிற்கவே இல்லை. மெஷின் வாள். விழுந்த மரத்தை அறுக்கிற சத்தம் என்றால் ஒரு மாதத்தில் முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. இப்போது அறுபடுவதெல்லாம் விழாமல் நின்ற மரம்.

எப்படி நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். ஒருவர் படலையில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "அக்கா, இந்த வேம்பு அடுத்த மாரி தாங்காது. வீட்டுக்கு மேலதான் வரும். புள்ளைகள் படுக்கிற அறை எது?" அந்தக் கடைசிக் கேள்வியிலேயே வியாபாரம் முடிந்துவிடும். "நீங்க ஒரு சதமும் தர வேணாம், நாங்களே தறிச்சு, நாங்களே துப்புரவாக்கித் தாறம்" என்பார். பின்னேரம் போய்ப் பார்த்தால் நாற்பது வருச வேம்பு லொறியில் ஏறிவிட்டிருக்கும். வளவில் மரத்தூளும் கொப்புக் குவியலும் கிடக்கும். துப்புரவாக்கித் தருவதாகச் சொன்னதும் பொய். அந்த லொறிகளில் எங்கட ஆட்களின் லொறியும் இருக்கிறது. அதை மறைத்துக்கொண்டு எழுத நாங்கள் விரும்பவில்லை.

வியாபாரியைத் திட்டி என்ன பயன்? அவர் பயத்தை விற்கிறார், நாங்கள் வாங்குகிறோம். விலையாக மரத்தைக் கொடுக்கிறோம்.

எங்கள் வாதம் இதுதான். வீட்டுக்கு மேல் விழுகிற மரத்தைக் காற்று ஒரே இரவில் தள்ளுவதில்லை. அதற்குப் பத்து வருசத்துக்கு முன்பிருந்தே நாங்கள் தள்ளிக்கொண்டு வருகிறோம். வேரை அறுத்து, அடியைச் சிமெந்தால் மூடி, தலையை மொட்டையடித்து, கறையான் ஏறுவதைப் பார்த்தும் பாராமல் விட்டு. கடைசித் தள்ளு மட்டும்தான் காற்றுடையது. அப்படியிருக்க, குற்றத்தை மரத்தின் தலையில் போட்டு, பக்கத்தில் நல்லபடியாக நிற்கிற மரத்துக்கும் சேர்த்துத் தண்டனை கொடுப்பது என்ன நியாயம்?

உடனே சிலர் 78ஐ எடுத்துக்கொண்டு வருவார்கள். சரி, 78ஐயே பேசுவோம்.

1978 நவம்பர் 23. மட்டக்களப்பில் வயதைக் கணக்குப் பார்க்கவே அந்தச் சூறாவளியைத்தான் வைத்திருக்கிறோம்; "சூறாவளிக்கு முந்தி பிறந்தவன், பிந்திப் பிறந்தவள்" என்று சொல்லாத வீடு இல்லை. ஆயிரத்தைத் தொடுமளவு உயிர்கள் போயின. சுமார் இரண்டரை லட்சம் வீடுகள் முழுதாகவோ பாதியாகவோ சேதமாயின. பதினொரு நெல் களஞ்சியங்களில் ஒன்பது அழிந்தன. மாவட்டத்தில் இருந்த 28,000 ஏக்கர் தென்னையில் 90 வீதம் போனது. தென்னை நட்டுக் காய் பறிக்க ஆறேழு வருசம் வேண்டும். அதனால் அந்த ஓர் இரவின் பட்டினி எண்பத்தைந்து வரைக்கும் இழுபட்டது. நாற்பது வருசம் கழித்து, 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது தஞ்சாவூர், பட்டுக்கோட்டைத் தோப்புகளில் அதே கதையை நாங்கள் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

அந்த மாதிரியான காற்றுக்கு எந்த மரமும் தாங்குமென்று உறுதி சொல்ல முடியாது. பெரியவர்கள் சொல்வதுபோல ஒரு பக்கத்துக் காற்று அடித்து ஓய்ந்து, "அப்பாடா" என்று வெளியே வந்த நேரம் மறுபக்கத்துக் காற்று அடிக்கும். சூறாவளியின் நடுப்பகுதி ஊரைக் கடந்தால் அப்படித்தான். முதல் காற்றில் வேர் இளகிய மரத்தை இரண்டாவது காற்று மறுபக்கமாகப் பிடுங்கும். அதற்கு எதிராக நாங்கள் ஒரு கத்தியையும் மண்வெட்டியையும் வைத்துக்கொண்டு ஒன்றும் கிழிக்கப்போவதில்லை. ஒத்துக்கொள்கிறோம்.

ஆனால் 78 வருசத்துக்கு வருசம் வருவதில்லை. வருசத்துக்கு வருசம் வருவது என்ன? ஐப்பசியில் பின்னேர இடிமழையோடு பத்து நிமிசம் சுழற்றி அடிக்கிற காற்று. கார்த்திகை, மார்கழியில் நாட்கணக்காக நனைந்து களியாகிப்போன மண்ணில் வீசுகிற வாடை. டிட்வாவும் 2025 நவம்பர் கடைசியில் வந்தபோது நாட்டில் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது பெரும்பாலும் மண்சரிவாலும் வெள்ளத்தாலும்தான். எங்கட பக்கம் மரங்கள் பாறியது பல இடங்களில் காற்றின் பலத்தைவிட மண்ணின் ஈரத்தால். நனைந்த மண் வேரைப் பிடிக்காது. சின்னக் காற்றே போதும். இந்தச் சாதாரணக் காற்றுகளில் எந்த மரம் விழுகிறது, எது நிற்கிறது என்று கொஞ்சம் நின்று பார்த்தவர்கள் எத்தனை பேர்?

நாங்கள் பார்த்தோம். டிட்வாவுக்குப் பிறகு பிள்ளைகளின் வீடுகளுக்குப் போகிற இடமெல்லாம், பாறிய மரத்தின் வேர்ப்பக்கத்தை ஒருதரம் சுற்றிப் பார்ப்பதைப் பழக்கமாக்கிக்கொண்டோம். கொப்பையும் கூரையையும் எல்லாரும் பார்க்கிறார்கள். கதை எழுதியிருப்பது வேர்ப்பக்கத்தில்.

ஒரு மாமரம். அது விழுந்ததற்கு எதிர்ப்பக்கத்தில் வேர் ஒன்றுகூட நீளமாக இல்லை. எல்லாம் ஒரே கோட்டில் நறுக்கென்று வெட்டுப்பட்டு, வெட்டுவாய் கறுத்து உக்கியிருந்தது. ஏன்? அந்தப் பக்கத்தில்தான் மதில். மதிலுக்கு அத்திவாரம் வெட்டியபோது மேசன் அறுத்தது. வேர் அறுந்து ஏழெட்டு வருசம் மரம் ஒன்றுமே சொல்லவில்லை, காய்த்துக்கொண்டே இருந்தது. விழுந்தது வீட்டுப் பக்கம். வேறு எந்தப் பக்கம் விழும்? பிடித்து இழுத்துக்கொண்டிருந்த கயிற்றை நாங்களே அறுத்துவிட்டோமே.

இது ஒரு வளவின் கதை என்று நினைக்காதீர்கள். யுத்தம் முடிந்து மீளக் குடியேறியபோது எங்கட பகுதியில் பலருக்கும் மிஞ்சியிருந்தது கிணறும் மரங்களும்தான். வீடு இருந்த இடத்தையே அந்த மாவையும் வேம்பையும் அடையாளம் வைத்துத்தான் கண்டுபிடித்தோம். பிறகு வீட்டுத் திட்டங்கள் வந்தன. இந்திய வீட்டுத் திட்டத்தில் ஐந்தரை லட்சம் ரூபா, 550 சதுர அடி. நிழலுக்கு ஆசைப்பட்டு மரத்தடிக்குக் கிட்டவே அத்திவாரம் போட்டோம். அடுத்து மலசலகூடக் குழி, அதுவும் வேரின் நடுவில். பிறகு கையில் கொஞ்சம் காசு சேர்ந்ததும் மதில். பிறகு மோட்டார் சைக்கிள் விட முற்றத்துக்குச் சிமெந்து. ஒவ்வொரு வேலைக்கும் பெக்கோ வந்தது. பெக்கோக்காரனுக்கு வேர் எது, கல் எது என்று கணக்கில்லை. பத்துப் பதினைந்து வருசம் நின்றுபிடித்த அந்த மரங்கள் இப்போதுதான் ஒவ்வொன்றாக விழுகின்றன. யுத்தத்துக்குத் தப்பிய மரத்தை வீட்டுத் திட்டத்தில் கொன்றோம் என்று ஒரு சேர் சொன்னார். கடுமையான பேச்சுத்தான், ஆனால் அவர் வீட்டிலும் ஒன்று விழுந்திருந்தது.

விஞ்ஞானம் படிப்பிக்கிறவர்கள் என்ற முறையில் ஒரு பிழையான நம்பிக்கையை உடைக்க வேண்டியிருக்கிறது. மரம் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழத்துக்கு வேர் போகும் என்று நினைக்கிறோம். இல்லை. பெரும்பாலான வேர்கள் மேல்மண்ணில், ஒன்றரை இரண்டு அடிக்குள்தான் ஓடுகின்றன. ஆனால் அகலத்தில் கொப்பு பரவியிருக்கிற எல்லையையும் தாண்டிப் போகின்றன. கொப்பின் நிழல் விழுகிற வட்டம் முழுவதும் மரத்தின் வீடு. அந்த வட்டத்துக்குள் ஒரு கான் வெட்டினால்கூட மரத்தின் காலில் வெட்டுகிறோம். அடிமரத்தின் விட்டத்தைப்போல மூன்று நான்கு மடங்கு தூரத்துக்குள் ஒரு பக்கம் முழுக்க வெட்டினால் அந்த மரம் இனி நம்பத்தகுந்த மரமே இல்லை. மதில் கட்டியே ஆக வேண்டும் என்றால் அந்த இடத்தில் தொடர் அத்திவாரத்தை விட்டுவிட்டு, இரண்டு தூணுக்கு மேலே வளை போட்டு, வேரைக் கீழே ஓட விடுங்கள். நல்ல மேசனுக்கு இது பெரிய வேலை இல்லை. கேட்டால்தானே செய்வார்.

2016 டிசம்பர் 12 வர்தா புயலில் சென்னையில் ஆயிரக்கணக்கான வீதியோர மரங்கள் விழுந்தன. படங்களைப் பார்த்திருப்பீர்கள். தாரும் சிமெந்தும் கழுத்துவரை நெருக்கி, ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் கேபிள் குழி என்று வேருக்கு இடமே இல்லாமல் நின்றவை ஏராளம். பட்டணத்துக்கு அது தலைவிதி என்று வைத்துக்கொள்வோம். கரடியனாற்றில் வளவுக்கா பஞ்சம்? இங்கே எதற்கு மரத்தின் கழுத்துக்குச் சிமெந்து?

அடுத்தது மொட்டையடிக்கிற வேலை. "சேர், பயத்துக்குத் தலையை வெட்டிவிட்டோம், இப்ப பிரச்சினை இல்லை" என்று பெருமையாகச் சொல்கிறார்கள். பிரச்சினையே இனித்தான். தலை வெட்டிய மரம் பசி தாங்காமல் வெட்டுவாயைச் சுற்றிப் பத்திருபது தளிரை ஒரே நேரத்தில் விடும். அவை விறுவிறுவென்று வளரும். ஆனால் இயல்பாக வளர்ந்த கொப்பு அடிமரத்தின் உள்ளேயிருந்து வருவதுபோல இவை வருவதில்லை, மேல்தோலோடு ஒட்டிக்கொண்டு நிற்பவை. மூன்று நான்கு வருசத்தில் அவை கைத்தடிக் கனத்திலிருந்து தொடைக் கனத்துக்கு வரும். கீழே வெட்டுவாயில் தண்ணீர் இறங்கி உக்கும், கோறை விழும். பிறகு ஒரு நாள் அத்தனையும் பிய்த்துக்கொண்டு சீற்றுக்கு மேல் வரும். வயர் துப்புரவுக்கு வருகிறவர்களும் இதையேதான் செய்கிறார்கள், வெட்டியதை அப்படியே வேலியில் போட்டுவிட்டும் போகிறார்கள். ஆனால் வயருக்கு நேர் கீழே மாங்கன்று நட்டது யார் என்று கேட்டால் எங்களிடம் பதில் இல்லை.

மரநடுகை வைபவங்களைப் பற்றியும் பேசாமல் இருக்க முடியாது. எங்கட பாடசாலைகளும் இதில் அடக்கம்தான். பெனர் கட்டி, அதிதி வந்து, பொலித்தீன் பையைக் கிழிக்கக்கூட நேரமில்லாமல் கன்றைக் குழியில் வைத்துப் படம் எடுக்கிறோம். பையில் ஒரு வருசத்துக்கு மேல் இருந்த கன்றின் வேர், பையின் வடிவத்துக்கே சுருண்டு சுருண்டு வளர்ந்திருக்கும். அதை அப்படியே நட்டால் மண்ணுக்குள்ளும் சுருண்டபடிதான் தடிக்கும். பத்து வருசத்தில் அது அழகான மரம். அடியில் ஒரு பந்து. ஒரு மாரிக் காற்றில் சாய்த்துவிட்டால் வேரே இல்லாத மரம்போலக் கிடக்கும். நடுகிறபோது பையை முழுதாகக் கழற்றி, சுருண்ட வேரைக் கத்தியால் நாலு பக்கமும் கீறி, விரித்து நட இரண்டு நிமிசம் போதும். அதிதி காத்திருக்கட்டும்.

இனி, எல்லா மரத்தையும் தறித்துவிட்டால் பயமில்லை என்கிற பேச்சுக்கு வருவோம். இதில் இரண்டு மோசம் இருக்கிறது.

ஒன்று, கூட்டமாக வளர்ந்த மரங்களில் பாதியைத் தறித்தால் மிச்சம் பாதி விழும். பக்கத்து மரத்தின் மறைவில் வளர்ந்த மரம் தனியாக நின்று காற்று வாங்கிப் பழகியதில்லை. அடி மெலிந்து, உயர்ந்து, தலை மட்டும் கனத்து நிற்கும். முன்னால் நின்றதை எடுத்துவிட்டால் அடுத்த காற்று முழுதாக அதன் மேல். இந்த வருசம் நாலு மரத்தை விற்றவர்களிடம் அடுத்த வருசம் அதே ஆள் வந்து "பாத்தீங்களா, நான் சொன்னேன்" என்று மிச்ச நாலையும் வாங்குவார். அவர் சொன்னது பலிக்கும். பலிக்கும்படி அவரேதான் செய்திருக்கிறார்.

இரண்டு, காற்றை வீட்டுக்கு முன்னால் உடைப்பதே மரம்தான். நெருக்கமாக நிற்கிற மரவரிசை, தன் உயரத்தைப்போல பத்து மடங்கு தூரத்துக்கு மேலும் காற்றின் வேகத்தைக் குறைக்கும். வயலும் வெட்டையுமாகக் கிடக்கிற எங்கட ஊரில் வடகிழக்குப் பக்கத்து மரங்களை மொத்தமாக எடுத்தால், அதுவரை மரத்தில் மோதிய வாடை நேரே உங்கட கூரைத் தகட்டின் கீழ் விளிம்பில் கைவைக்கும். மரம் விழுந்து உடைந்த கூரையைத்தான் எல்லாரும் படம் எடுத்துப் போடுகிறார்கள். மரமில்லாத வளவில் காற்று தூக்கிக்கொண்டுபோன தகடு எங்கே விழுந்தது என்று யாரும் படம் போடுவதில்லை.

கச்சானை மறந்துவிட்டோமா? வைகாசியிலிருந்து ஆவணி வரை அந்த நெருப்புக் காற்றில், தகட்டுக் கூரைக்குக் கீழே, மரமில்லாத வளவில் ஒரு கைக்குழந்தையை வைத்துக்கொண்டு இருந்து பார்க்க வேண்டும். மாரியில் நாலு நாள் பயத்துக்காகக் கோடையில் நாலு மாதம் வேகப்போகிறோம். மரம் தறித்த வீட்டுப் பிள்ளைகள் மத்தியானத்தில் பக்கத்து வீட்டு மரத்தடிக்குப் போய் வீட்டுப்பாடம் எழுதுவதை நாங்கள் பார்க்கிறோம்.

"எல்லாம் அவன் நாட்டம்", "விதி இருந்தால் விழும்" என்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாட்டத்தை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்கச் சொல்லித் தந்திருக்கிறார்கள். வழியில் கிடக்கிற தொல்லையை அகற்றுவதே ஈமானில் ஒரு பங்கு என்றால், பள்ளிக்குப் போகிற பாதைக்கு மேல் பட்டுத் தொங்குகிற கொப்பை ஆறு மாதமாகப் பார்த்துக்கொண்டு போவதை எதில் சேர்ப்பது? கோயில் வீதிப் புளியிலும் அப்படித்தான் ஒரு கொப்பு தொங்குகிறது. அதன் கீழேதான் கச்சான்கடை போடுகிறார்கள்.

ஆபத்தான மரத்தையும் கட்டிப்பிடித்துக்கொண்டிருங்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. 2023 ஒக்டோபர் 6ஆம் திகதி கொழும்பு கொள்ளுப்பிட்டியில் ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸின் மேல் மரம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள். பெரிய மரம், பார்த்தால் கம்பீரம். ஆகவே தறிக்க வேண்டிய மரத்தைத் தறிக்கத்தான் வேண்டும். எது என்று பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள் என்கிறோம். அடிமரத்தில் தட்டிப் பாருங்கள்; மேளம்போலச் சத்தம் வந்தால் கோறை. அடியில் தட்டுத்தட்டாகக் காளான் ஒட்டியிருந்தால் உள்ளே உக்கல் நெடுநாளாக நடக்கிறது. முன்பு நேராக நின்ற மரம் இப்போது சாய்ந்து, மறுபக்கத்தில் மண் மேலெழும்பி வெடித்திருந்தால் அது விழத் தொடங்கிவிட்ட மரம். அதில் யோசிக்க நேரமில்லை. பிறப்பிலேயே சாய்ந்து வளர்ந்து, தலை மேல்நோக்கி நிமிர்ந்திருப்பது வேறு. அது தன் சாய்வுக்கு ஏற்ற வேரைப் போட்டிருக்கும். ஒரே இடத்திலிருந்து இரண்டு அடிமரம் பிரிந்து, நடுவில் பட்டை உள்ளே மடிந்து கூராக 'வி' போல இருந்தால் அந்தக் கவர் பலமில்லாதது. ஒரு பக்கத்தைச் சின்னதிலேயே குறைத்திருக்க வேண்டும். மதிலுக்கோ குழிக்கோ வேர் வெட்டுப்பட்டது என்று உங்களுக்கே தெரிந்த மரம், வீட்டுப் பக்கம் சாய்வாக நின்றால், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள். இப்படிப் பார்த்துக்கொண்டு போனால் பத்து மரத்தில் ஒன்றோ இரண்டோ போகும். இப்போது பத்தும் போகிறது.

மிச்சத்துக்குக் கொப்பு வெட்டு. காலம் முக்கியம்: கச்சான் ஓய்கிற ஆவணி, புரட்டாசி. ஐப்பசி பிறந்தபிறகு ஏணி தேடி ஓடாதீர்கள். முதலில் பட்ட கொப்பு, முறிந்து தொங்குவது, ஒன்றோடொன்று உராய்வது. பிறகு கூரைக்கு மேல் நீட்டியிருப்பது. ஒரு வருசத்தில் பச்சையில் காற்பங்குக்கு மேல் எடுக்கக் கூடாது. பெரிய கொப்பை ஒரே வெட்டில் வெட்டினால் அது விழுகிறபோது பட்டையை அடிமரம்வரை உரித்துக்கொண்டு போகும். முதலில் கொப்பின் கீழ்ப்பக்கத்தில், அடிமரத்திலிருந்து ஒன்றரை அடி தள்ளி, கால்வாசி ஆழத்துக்கு ஒரு வெட்டு. அதற்குச் சற்று வெளியே மேலிருந்து இரண்டாவது வெட்டு. கொப்பு பிசகில்லாமல் விழும். கடைசியாக மிஞ்சிய கட்டையை, அடிமரத்தோடு சேர்கிற இடத்தில் கழுத்துப்போலத் தடித்திருக்கிறதே, அந்தத் தடிப்பைத் தொடாமல் அதற்கு வெளியே எடுங்கள். மரம் தானே மூடிக்கொள்ளும். தாரும் பெயின்டும் பூசத் தேவையில்லை.

தென்னைக்குக் கதை வேறு. காய்ந்த மட்டை, பன்னாடை, முற்றிய குலை இவற்றை மாரிக்கு முன் இறக்குங்கள். காற்றில் அவைதான் முதலில் வரும். பச்சை ஓலையைக் குடுமிபோல விட்டு மிச்சத்தை வெட்டுவது தென்னையைப் பட்டினி போடுவது. தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது திருகி முறிந்தால் மரம் முடிந்தது, வேம்புபோல மறுபடி தளிர்க்காது.

காற்று அடித்து ஓய்ந்தபிறகு நடக்கிற அவசரத்தில்தான் வேறு உயிர்களும் போகின்றன. மரம் வயரில் விழுந்தால் கரண்ட் இல்லை என்று நம்பிப் போகாதீர்கள். ஊருக்குக் கரண்ட் நின்றிருந்தாலும் யாரோ ஒருவர் வீட்டு ஜெனரேட்டர் அந்த வயரில் ஏறியிருக்கலாம். மின்சாரத்துக்கு 1987, இடர் முகாமைத்துவ நிலையத்துக்கு 117. வந்து "நிறுத்தியாயிற்று" என்று சொல்லும்வரை மரத்திலும் கைவைக்க வேண்டாம், வேலிக் கம்பியிலும் கைவைக்க வேண்டாம். யானை வேலி இருக்கிற பக்கத்து ஆட்கள் இன்னொன்றும் செய்ய வேண்டும்: வேலியில் மரம் விழுந்திருக்கிறதா என்று அன்றைக்கே அறிவியுங்கள். கொப்பு விழுந்து வேலி செத்துப்போனது மனிதருக்குத் தெரியுமுன் யானைக்குத் தெரிந்துவிடும்.

பாறிய பெரிய மரத்தின் வேர்ப்பந்து, மண்ணோடு ஒரு சுவர்போல எழும்பி நிற்கும், பக்கத்தில் பள்ளம் இருக்கும். பிள்ளைகளுக்கு அது விளையாட்டு இடம். கேளுங்கள் பெற்றோரே: அடிமரத்தை வாள் அறுத்து முடிக்கிற கணத்தில், பாரம் நீங்கியதும் அந்த வேர்ச் சுவர் பழைய இடத்துக்கே திரும்பிச் சாத்திக்கொள்ளும். பள்ளத்துக்குள் யார் நின்றாலும் முடிந்தது. அறுக்குமுன் பள்ளத்தைப் பார்க்க ஓர் ஆளை நிறுத்துங்கள். அதேபோல வளைந்து அமுங்கிக் கிடக்கிற கொப்பு வில்லுப்போல, வெட்டினால் அடிக்கும். ஏணியில் ஏறி நின்று மெஷின் வாள் பிடிக்கிற வீரத்தை யாரும் காட்ட வேண்டாம். அந்த வேலை தெரிந்தவர்கள் எங்கட பகுதியில் இருக்கிறார்கள். கூலி கொடுங்கள்.

விழுந்ததெல்லாம் செத்ததும் இல்லை. நாலைந்து வருசத்து மா, பலா, தோடை சாய்ந்திருந்தால், அறுந்த வேரைக் கூரான கத்தியால் சீராக வெட்டி, மிச்ச வேர் காயாமல் ஈரச் சாக்குப் போட்டு மூடி, இரண்டு மூன்று நாளுக்குள் மெதுவாக நிமிர்த்துங்கள். வயரால் கட்டாதீர்கள், பட்டையை அறுத்துவிடும். பழைய டியூப்போ அகலமான பட்டியோ போட்டு மூன்று பக்கம் முளையடித்துக் கட்டி, ஒரு வருசத்தில் அவிழ்த்துவிடுங்கள். அவிழ்க்காமல் விட்டால் கட்டே மரத்தைக் கொல்லும். இலை முழுக்கப் பறந்து எலும்புக்கூடாக நிற்கிற வேம்பைச் செத்ததென்று விற்காதீர்கள். தைக்குப் பிறகு பாருங்கள்.

சட்டமும் தெரிந்திருக்கட்டும். பலா, ஈரப்பலா, பெண் பனை ஆகியவற்றை உங்கட சொந்த வளவில் என்றாலும் அனுமதியில்லாமல் தறிக்க முடியாது. 1951ஆம் ஆண்டிலிருந்து மரம் வெட்டுதலைக் கட்டுப்படுத்தும் சட்டம் இருக்கிறது. கிராம உத்தியோகத்தர் ஊடாகப் பிரதேச செயலகத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். "அதெல்லாம் நாங்க பாத்துக்கிறம்" என்று லொறிக்காரர் சொன்னால், மாட்டுப்படுகிற நாளில் வளவுக்காரர் பெயர்தான் எழுதப்படும் என்பதை மறக்காதீர்கள்.

பக்கத்து வளவு மரம் உங்கட வீட்டுக்கு மேல் சரிந்திருந்தால், காற்றுக்குப் பிறகு பொலிஸுக்குப் போவதைவிடக் காற்றுக்கு முன் அவர் வீட்டுக்குப் போங்கள். காக்காவோ அண்ணனோ, ஒரு தேத்தண்ணியில் முடிகிற விசயம் பல. வெட்டுக் கூலியை இருவரும் பாதியாகப் போடுங்கள். விறகையும் பாதியாக எடுங்கள். முடியாவிட்டால் கிராம உத்தியோகத்தருக்கும் பிரதேச சபைக்கும் எழுத்தில் கொடுங்கள், பிரதியை வைத்துக்கொள்ளுங்கள். வீதியோர மரத்துக்கும் அதேதான். வாயால் சொன்ன முறைப்பாட்டுக்கு எந்த அலுவலகத்திலும் கோவை இல்லை.

தறித்த இடத்தில் திரும்ப நடுகிறவர்களுக்கு: மா, பலா, வேம்பு போன்ற பெரிய மரம் வீட்டிலிருந்து முப்பது அடி. தென்னை என்றால் இருபத்தைந்தாவது. வயருக்குக் கீழே எலுமிச்சை, மாதுளை, கறிவேப்பிலை. வாடைப் பக்கத்தில் ஒரே மரமாக நடாமல் உயரமும் குட்டையும் கலந்து இரண்டு வரிசை. முருங்கையைக் கூரைக்குக் கிட்ட வைக்காதீர்கள், அது தும்மினாலே முறியும்.

இந்தப் புரட்டாசியில் சனிக்கிழமைகளில் நாங்கள் சிலர் வளவு வளவாக வரத் தயாராக இருக்கிறோம். மரத்தைத் தட்டிப் பார்த்து, எது போக வேண்டும், எதற்குக் கொப்பு மட்டும் என்று சேர்ந்து பார்ப்போம். உயர்தர விவசாய விஞ்ஞானப் பிள்ளைகளையும் கூட்டி வருவோம், அவர்களுக்கும் படிப்பு. பிரதேச செயலகத்துக்கும் சபைக்கும் விண்ணப்பம் எழுத வேண்டியவர்கள் பாடசாலை விட்டபிறகு வாருங்கள், எழுதித் தருகிறோம். வரும்போது வளவின் பெயர், மரத்தின் பெயர், அது வீட்டிலிருந்தோ வீதியிலிருந்தோ எத்தனை அடி என்ற அளவு, போனில் எடுத்த இரண்டு படம். ஒன்று முழு மரத்துக்கு, மற்றது அடிமரத்துக்கு.